கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லும் பெற்றோருக்கு

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோருக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து, கடைசிச் சில ஆண்டுகள் தலைமை ஆசிரியையாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மடலைக் கல்வித்துறைக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துறை காகிதத்தில் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, சுற்றறிக்கையும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி வைக்கிற ஒரு வாக்கியம் உங்களிடம் இருக்கிறது. ஜூன் மாதச் சேர்க்கையில் பிள்ளையை மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு நீங்கள் சொல்வது: "கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

பள்ளிக்கூடத்தில் அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தை விட மதிப்பு அதிகம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதைச் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். கொத்தனார் வேலைக்குப் போகிற அப்பா, நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா, மகள் விட்டுப்போன பேரனை வளர்க்கிற பாட்டி. பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர முடியாது, டியூஷனுக்குக் காசு கிடையாது. ஆசிரியருக்குக் கொடுக்கத் தங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்து, பிள்ளையின் உடம்பைக் காணிக்கை மாதிரி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் வாத்தியார் மேல் உள்ள மரியாதை இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது, 'எங்களை மாதிரி ஆகிடக் கூடாது' என்ற தவிப்பு நிறையவே இருக்கிறது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிற பெற்றோர் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே பிள்ளையின் கையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் அன்று ராத்திரியே வகுப்பு வாட்ஸ்அப் குழு பற்றி எரியும்.

உங்கள் அந்த அனுமதிக்கு ஒரு காலத்தில் சட்டத்திலும் இடம் இருந்தது. 1860-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் குற்றமாகாது என்றது. அடித்த ஆசிரியர்கள் வழக்கில் மாட்டியபோதெல்லாம் இதுவும் இதற்கு முந்தைய 88-ஆவது பிரிவும்தான் கைகொடுத்தன. 1940-களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போதே ஒழுங்குக்குத் தேவையான அளவான தண்டனைக்கும் பெற்றோர் சம்மதித்துவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும் என்று சொன்னது. ஆசிரியருக்கென்று சொந்தமாக அடிக்கும் உரிமை எதுவும் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, பாருங்கள். உங்கள் அதிகாரத்தை அவர் இரவல் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது அந்த இரவலுக்கு வழியில்லை. தமிழ்நாடு 2003-லேயே தன் கல்வி விதிகளில் பிரம்படிக்கு இடம் கொடுத்திருந்த 51-ஆவது விதியைத் திருத்திவிட்டது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தால் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. 'பெற்றோர் சம்மதித்தால் பரவாயில்லை' என்று அதில் ஒரு வரியும் கிடையாது. நீங்கள் பெருந்தன்மையாகக் கொடுக்கிற அனுமதி உங்களிடம் இல்லாத ஒன்று. அந்தச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதானே, ஒன்பதாவது பத்தாவது பையனை அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது வரை பேசுகிறது. அதன் 75-ஆவது பிரிவின்படி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தில் வேலை செய்பவரே கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல்.

நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றனவா என்றால், இல்லை. 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ஓர் ஆசிரியரின் ஜாமீன் மனு மீதான உத்தரவில், ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கட்டும், பயன்படுத்த வேண்டியதில்லை, இருப்பதே போதும் என்ற பொருளில் எழுதியது. புகார் வந்ததும் கைது செய்துவிடாமல் முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும் என்றும் அதே உத்தரவு சொன்னது. அது நியாயம்தான். பிரம்பு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மேசை மேல் கிடக்கிற பிரம்பு கிடந்தபடியே கிடக்கும் என்று நினைப்பவர்கள், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் கடைசிப் பீரியடில் ஒரு பத்தாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிரம்பு எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஊராட்சித் தலைவர் வீட்டுப் பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், "நாளைக்கு எழுதிட்டு வந்துடுப்பா." செங்கல் சூளையில் வேலை செய்கிறவரின் பையன் எழுதாமல் வந்தால், "நீட்டுடா கையை." இரண்டையும் சொல்வது ஒரே ஆசிரியர்தான், ஒரே பீரியடில்தான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோபம் தலைக்கேறுகிற அந்த ஒரு நொடியில், இந்தப் பிள்ளைக்காக நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்ற கணக்கை மனசு தானாகவே போட்டுவிடுகிறது. இதை எந்த ஆசிரியரும் வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியும். எந்தத் தெருவிலிருந்து வருகிறான், அப்பா யார், சொந்தத்தில் யாராவது கட்சியில் இருக்கிறார்களா, எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு. நாங்குநேரியில் 2023-இல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு பள்ளிகளில் சாதி குறித்து ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள், 2024-இல் அறிக்கையும் வந்தது. அப்போது மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறு பற்றி ஊரெல்லாம் பேசியது. கயிற்றுக்குச் சாதி உண்டென்றால் பிரம்புக்கும் உண்டு.

'ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்' என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளையின் பெயருக்கு நேரே என்ன எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'இவனுக்காகக் கேட்க ஆளில்லை.' அடிபடக் கூடிய பிள்ளை யார் என்பதை அந்தக் கணக்குக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கிறீர்கள். நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்ன வாக்கியம், வகுப்பிலேயே பாதுகாப்பு குறைந்த இடத்தில் கொண்டுபோய் அவனை உட்கார வைக்கிறது.

அடி எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்குத் தலைமை ஆசிரியரை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். அவர் பள்ளிக்குத் திரும்பி வந்து பாட ஆசிரியரைக் கேட்பார். பாட ஆசிரியர் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். அந்தப் பட்டியலில் இருக்கிற பிள்ளைக்குப் பல நேரம் கேள்வியையே சரளமாக வாசிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனை எவ்வளவு அடித்தாலும் அவனுக்கு வாசிப்பு வந்துவிடாது. அடிக்குப் பயந்து மனப்பாடம் செய்வான், அது தேர்வு முடிந்ததும் போய்விடும். வாசிக்க வைப்பதற்கு வேறு வழி. காலையில் பத்து நிமிஷம், அவன் நிலைக்கேற்ற ஒரு பத்தி, பக்கத்தில் கேட்க ஒருவர். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சின்ன வகுப்புகளில் செய்யப் பார்ப்பது இதைத்தான்.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10 கல்வியாண்டில் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகைத் தண்டனையைத் தாங்கள் அனுபவித்ததே இல்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது பேர். முக்கால்வாசிப் பேர் பிரம்படி வாங்கியிருந்தார்கள், 69 சதவீதம் பேர் கன்னத்தில் அறை வாங்கியிருந்தார்கள். 'வாத்தியார்கள் இப்போதெல்லாம் அடிப்பதே இல்லை, அதான் பிள்ளைகள் கெட்டுப்போகுது' என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த அதே காலம்தான் அது.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்" என்பீர்கள். குழுக் கூட்டத்தில் அப்படிச் சொல்ல வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றவர்கள். ஐந்தாவதோடும் ஏழாவதோடும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள் அங்கே இல்லை. இடைநிற்றல் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதுவோம். கணக்கு வாத்தியாரின் கைக்குப் பயந்து அன்றைக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்தவன், ஒரு வாரம் கழித்து வந்தால் அதற்கும் சேர்த்து விழும் என்று வராமலே நின்றவன், இவர்களெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் 'ஆர்வமில்லாதவர்கள்' ஆகிப்போனார்கள். உங்கள் ஊரிலேயே அப்படி நின்றுபோன, உங்கள் வயதுக்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், அந்த வாத்தியார் பெயர்கூட மறந்திருக்காது.

இன்னும் பின்னால் போனால் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே கோதண்டம் போடுவார்கள். விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பையன் தொங்க வேண்டும், கை வலித்துக் கீழே வந்தால் அடி. மேற்பார்வைக்குச் சட்டாம்பிள்ளை. அதுவும் அந்தக் காலத்தில் ஒழுக்கத்துக்கு அவசியம் என்றுதான் நினைத்தார்கள். கோதண்டம் ஒழிந்ததால் படிப்பு கெட்டுப்போனது என்று இன்று ஒருவரும் அழுவதில்லை.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லாமல் போனால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். 2022-இல் மாணவர்கள் ஆசிரியர்களை மிரட்டும் காணொளிகள் வரிசையாக வந்தன. அப்படி நடப்பவர்களை நிரந்தரமாக நீக்குவோம், மாற்றுச் சான்றிதழில் குறிப்போம் என்று அமைச்சர் சொல்லும் அளவுக்கு அது போனது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலரும் "பிரம்பைப் பிடுங்கியதன் பலன் இது" என்றார்கள். அவர்களுடைய பயம் உண்மையானது. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஆளை மிரட்டுகிற வளர்த்தியில் இருக்கிற பையனை எந்தக் காலத்திலும் பிரம்பு அடக்கியதில்லை. அது அடக்கியதெல்லாம் எப்படியும் அடங்கிவிடக் கூடிய சின்னப் பிள்ளைகளைத்தான். பெரிய பையனுக்கு வேண்டியது உட்கார்ந்து பேச ஓர் ஆள். பயிற்சி பெற்ற ஆலோசகர் எத்தனை அரசுப் பள்ளிகளில் நிரந்தரமாக இருக்கிறார்? இதற்கு நடுவில் ஆசிரியர் பாடமும் நடத்த வேண்டும், செயலியில் வருகைப்பதிவு போட வேண்டும், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், காலிப் பணியிடம் இருந்தால் இன்னொருவரின் வகுப்பையும் பார்க்க வேண்டும். பொறுமை தீர்ந்துபோவதற்கு இது போதும். அடிப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் 'அடிக்காதே' என்று சொல்லிவிட்டு இதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவதும் சரியில்லை.

பிள்ளை அடிபட்டு வந்தால் ஆள் சேர்த்துக்கொண்டு போய் வாத்தியாரை அடிப்பது இன்னொரு கேடு. 2023 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆசிரியரைக் குடும்பமே பள்ளிக்குள் விரட்டி அடித்த காட்சியை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டில் 'தோலை உரிச்சிடுங்க', இன்னொரு வீட்டில் 'உன் தோலை உரிக்கிறேன்'. நடுவில், முறையாகப் போய்க் கேட்கிற பழக்கம் மட்டும் நமக்கு வரவே இல்லை.

கேட்பதற்கான இடம் உங்கள் குழுதான். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் பொறுப்பிலும் பெற்றோரில் ஒருவர்தான். பெரும்பாலான ஊர்களில் கூட்டம் என்றால் டீ, மிக்சர், நீட்டிய இடத்தில் கையெழுத்து, அதோடு சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் 2022-இல் தற்காலிக ஆசிரியர்களை அரசு இந்தக் குழுக்கள் வழியாகத்தான் நியமித்தது. ஆளை வேலைக்கு எடுக்கிற அதிகாரத்தை நம்பிக் கொடுக்கலாம் என்றால், பிள்ளையை அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடுகிற தகுதி உங்களுக்கு இல்லாமல் போகாது. அதோடு, 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், நான் மேலே சொன்ன குழந்தைகள் உரிமை ஆணையம் உடல் தண்டனையை ஒழிக்க வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. பள்ளிதோறும் தலைமை ஆசிரியர், பெற்றோர், ஆசிரியர்கள், மூத்த மாணவர்கள் கொண்ட கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பள்ளியில் அது இருக்கிறதா? இருந்தால் அதில் இருக்கும் பெற்றோர் யார்? அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

அந்த நெறிமுறைகளைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். அடி, கிள்ளு, குட்டு, காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் நிற்க வைப்பது எல்லாமே அதில் தண்டனைதான். 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று வகுப்புக்கு முன்னால் சொல்வதும், சாதியை, அப்பா செய்யும் வேலையை இழுத்துப் பேசுவதும் அதில் அடக்கம். பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நாக்கை எடுத்துக்கொண்ட ஆசிரியர்களும் உண்டு, அதையும் கவனிக்க வேண்டும்.

தீர்மானம் பெரிதாக வேண்டாம். "எங்கள் பிள்ளைகளை அடிக்கவோ அவமானப்படுத்தவோ பெற்றோராகிய நாங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை, பிள்ளையிடம் குறை இருந்தால் எங்களை அழையுங்கள், வருவோம்." இதில் இரண்டாவது பாதி முதல் பாதி அளவுக்கே முக்கியம். ஆசிரியர் கூப்பிட்டால் ஒருநாள் கூலி போனாலும் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் அந்தத் தீர்மானத்துக்கு மரியாதை இருக்காது. கையோடு இரண்டாவது தீர்மானம் ஒன்றையும் போடுங்கள்: காலிப் பணியிடங்களை நிரப்பவும் வாரத்தில் ஒரு நாளாவது ஆலோசகர் வரவும் கேட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கு. ஆசிரியர்கள் முதல் தீர்மானத்தைப் பார்த்து முகம் சுளித்தாலும் இரண்டாவதைப் பார்த்து உங்களோடு நிற்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்படியும் பிள்ளை அடிபட்டு வந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து குழுவில் வையுங்கள். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் நோட்டீஸ் போர்டில் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறைக்கு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை